அம்மாவின் எல்-1

முதுகெலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் நடந்தேதான் வருவார்கள். தொடை எலும்பு முறிந்தால் ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். கை முறிந்தால் தூளி கட்டிக்கொண்டு வருவார்கள். முள்ளெலும்பு ஒன்று நசுங்கிப்போன பாட்டியோ மருமகளின் தோளைப் பிடித்தபடி, வயர்கூடையில் பழைய எக்ஸ்ரேக்களைச் சொருகிக்கொண்டு, ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்பார். என்ன செய்கிறது என்று கேட்டால், "வாயுப் பிடிப்பும்மா, முதுவுல குத்திக்கினே கீது" என்பார். அறுவை அரங்குச் செவிலியாக வேலை பார்த்த ஆண்டுகளில் இப்படி வந்தவர்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

நாங்கள் மாத்தூர்க்காரர்கள். மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு இருந்த எம்.எம்.டி.ஏ. என்கிற பெயர் சி.எம்.டி.ஏ. என்று மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் குடியிருப்பு இன்றைக்கும் எம்.எம்.டி.ஏ. மாத்தூர்தான். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஒண்டுக்குடித்தனத்தில் காலம் தள்ளியவர்கள், சொந்தமாக ஒரு மனை வேண்டும் என்று நகையை விற்றுக் கடனை வாங்கி வந்து சேர்ந்த இடம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள், ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர்கள். அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இப்போது எழுபது, எழுபத்தைந்து வயது. கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலையில் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் போகும்போது ஒரு தூக்கிப்போடல். அன்று ராத்திரியிலிருந்து படுக்கையில் புரள முடியவில்லை. இந்தக் கதையைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். கீழே விழவே இல்லையே, அடியே படவில்லையே, அப்புறம் எப்படி எலும்பு முறியும் என்பதுதான் எல்லோருக்கும் எழுகிற சந்தேகம்.

எலும்பு முறிவு என்றால் இரண்டாக உடைவது என்று நினைக்கிறோம். முள்ளெலும்பு முதுமையில் அப்படி உடைவதில்லை. உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதன் முன்பகுதி. அதன் உள்ளே நுண்ணிய எலும்புச் சட்டங்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்த பிறகு இந்தச் சட்டங்கள் மெலிந்து, ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். வெளியே எலும்பின் உருவம் மாறாது, வலியும் இருக்காது. இதைத்தான் எலும்புப்புரை என்கிறோம். பிறகு ஒருநாள், குனிந்து எதையோ எடுக்கும்போது, பலமாகத் தும்மும்போது, வண்டி தூக்கிப்போடும்போது, முன்பகுதி பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். விலாக்கூட்டோடு இறுகிப்போன மேல்முதுகும் வளைந்து கொடுக்கிற இடுப்புப் பகுதியும் சேருகிற இடத்தில்தான் சுமை அதிகம் குவிகிறது. அதனால் டி-12, எல்-1 என்று எண்ணிடப்பட்ட இரண்டு எலும்புகள்தான் அதிகம் பலியாகின்றன. இப்படி அமுங்குகிறவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த மருத்துவரின் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

ஆனால் தையல்காரர் கண்ணில் படும். எங்கள் தெருக்கோடியில் ரவிக்கை தைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். "அளவு ரவிக்கை அதேதான், ஆனா இந்தப் பெரியம்மாவுக்கு முன்னாடி தொளதொளன்னு தொங்குது, பின்னாடி மேல ஏறிக்குது, நான் இன்னா பண்ணட்டும்?" என்று ஒருமுறை என்னிடம் முறையிட்டார். முன்பக்கம் அமுங்கிய எலும்புகள் முதுகை வளைத்துவிட்டன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. நைட்டியின் ஓரம் தரையில் புரளத் தொடங்கும். சுவரில் முதுகை ஒட்டி நின்றால் தலையின் பின்பக்கம் சுவரைத் தொடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. உயரம் நாலு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வயசானால் கூன் விழும் என்று ஊரே சொல்லிச் சொல்லி, கூன் என்பது நரையைப் போல வந்தே தீருகிற ஒன்றாக ஆகிவிட்டது. அப்படி இல்லை. அந்தக் கூனுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பு முறிவுகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வலியோடு நடந்திருக்கலாம்.

எங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே பட்டியலிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் வீசிங் இல்லாத முதியவர் இருக்கும் வீட்டைத் தேட வேண்டியிருக்கும். மூச்சு இழுக்கும்போதெல்லாம் ப்ரெட்னிசலோன் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஸ்டீராய்டு. போட்டதும் மூச்சு சுலபமாகும், பசி எடுக்கும், முகம்கூடப் பளபளப்பாகும். ஆனால் மாதக்கணக்கில் தின்றால் முதலில் அடிவாங்குவது முள்ளெலும்புதான். புதிய எலும்பு உருவாவதை அது தடுத்துவிடும்; மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் வாரம் தவறாமல் போடப்படுகிற சில ஊசிகளிலும் இதே ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அம்மாவும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் பல வருடம் தின்றவள்.

2019 கோடையில் புழல் ஏரி தரை தெரியக் காய்ந்து கிடந்தது. தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். ஹாரன் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் குடங்களோடு எல்லோரும் ஓடுவார்கள். அம்மாவுக்கு அப்போது 71 வயது. நான் காலை ஷிப்டுக்குப் போயிருந்தேன். நிரம்பிய குடத்தைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் ஏற்றத் திரும்பியபோது முதுகுக்குள் ஏதோ நொறுங்கியது போல இருந்ததாம். அப்போதும் குடத்தைக் கீழே போடவில்லை. அந்த வருடம் தண்ணீரைக் கொட்டுகிற துணிவு யாருக்கும் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் வாசற்படியில் உட்கார்ந்தாளாம்.

பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஊசி போட்டு, டிஸ்க் விலகியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் வந்து பார்த்தபோது அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். படுக்க வைத்தால் கத்தினாள். படுத்த பிறகு, அசையாமல் இருந்தால் வலி இல்லை. எழுப்பி உட்கார வைக்கும்போது மறுபடியும் உயிர் போனது. நிற்க வைத்துவிட்டால் மெதுவாக நடந்தாள். கால் மரத்துப்போகவில்லை, மின்சாரம் பாய்வது போல் காலுக்கு எதுவும் இறங்கவில்லை. டிஸ்க் வலி இப்படி இருக்காது. அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, கைவிரல்களை முஷ்டியாக மடக்கி முதுகுத்தண்டின் நடுவே மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். விலாக்கூடு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே தட்டியதும், "அய்யோ, அங்கதான்டி" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள்.

எம்.ஆர்.ஐ.யில் எல்-1 முன்பக்கம் ஆப்பு போலச் சரிந்து கிடந்தது. அதன் உள்ளே நீர் கோத்து ஸ்கேன் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. முறிவு புதியது என்பதற்கு அந்த வெளிச்சம்தான் அடையாளம். பழைய, ஆறிப்போன முறிவு மற்ற எலும்புகளின் நிறத்திலேயே இருக்கும். அதற்கு மேலே டி-8-ல் அப்படி ஒரு பழைய முறிவும் இருந்தது. அது எப்போது நடந்தது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பா இறந்த வருடம் முதுகுவலி என்று ரொம்ப நாள் சுருண்டு கிடந்தாள், துக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் மருத்துவமனையின் முதுகுத்தண்டு அறுவை நிபுணரிடம் படத்தைக் காட்டினேன். நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியே சிமென்ட் வைத்துவிடலாமா என்று நானே கேட்டேன். பார்த்துப் பழகிய கை. எத்தனையோ பாட்டிகள் மேஜையில் குப்புறப் படுத்து, மாலையே எழுந்து நடந்து போனதைப் பார்த்தவள் நான். அவர் படத்தைத் திருப்பித் தந்து, "இப்ப வேணாம் சிஸ்டர். பிரேஸ் போடுங்க, வலிக்கு மருந்து குடுங்க. பெரும்பாலும் ஆறு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள இது தானா ஆறிடும். அம்மாவைப் படுக்கையிலயே போட்டுடாதீங்க, அது மட்டும் முக்கியம்" என்றார்.

அன்றைக்கு அரங்கின் டீ அறையில் அவர் சொன்ன கதை எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் ஒரு பெண்ணின் கழுத்தெலும்பை ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. பியர் காலிபேர், எர்வே தெரமோன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஊசி வழியே எலும்புச் சிமென்ட்டைச் செலுத்தி அந்த எலும்பை நிரப்பினார்கள். வலி போயிற்று. அங்கிருந்து இந்த முறை எலும்புப்புரை முறிவுகளுக்குப் பரவியது. இதற்கு வெர்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். பிறகு அமெரிக்காவில், முதலில் ஒரு சின்ன பலூனை எலும்புக்குள் விட்டு ஊதி, அமுங்கியதைக் கொஞ்சம் நிமிர்த்தி, அந்த இடத்தில் சிமென்ட் நிரப்புகிற கைஃபோபிளாஸ்டி வந்தது. பலூனுக்கு விலை பல மடங்கு. உலகம் முழுக்கப் பாட்டிகள் மேஜையில் ஏறினார்கள். வலி குறைந்தது என்று சொல்லி இறங்கினார்கள்.

2009-ல் நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஆஸ்திரேலியாவில் ராஷெல் புக்பைண்டர் குழு 78 பேரையும், அமெரிக்காவில் டேவிட் கால்மெஸ் குழு 131 பேரையும் எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு உண்மையான சிமென்ட். மீதிப் பேருக்கு எல்லாமே நடந்தது, சிமென்ட் மட்டும் உள்ளே போகவில்லை. குப்புறப் படுக்க வைத்தார்கள், மரத்துப்போகிற ஊசி போட்டார்கள், முதுகில் அழுத்தினார்கள். சிமென்ட் டப்பாவைத் திறந்து வைத்து அறையில் வாசனை பரவவிட்டார்கள். அந்த வாசனை எனக்குத் தெரியும். நகப்பூச்சு அழிக்கிற திரவமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த நெடி. மாஸ்க்கைத் தாண்டி மூக்கில் ஏறும், வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் தலைமுடியில் இருப்பது போலவே தோன்றும். அந்த நெடியையும் சேர்த்துப் பொய்யாக நடத்திக்காட்டினார்கள் என்று கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. 2016-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 120 பேர். முறிந்து ஆறு வாரத்துக்குள் இருப்பவர்கள், தாங்க முடியாத வலி உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுத்துச் செய்தார்கள்; சிமென்ட் வைத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. 2018-ல் நெதர்லாந்தில் 180 பேரை வைத்து நடந்த ஆய்வில் மறுபடியும் பெரிய வித்தியாசம் இல்லை. "யாருக்கு வைக்கணும்னு தெரிஞ்சவன்தான் சிமென்ட் வைக்கணும் சிஸ்டர்" என்று டீயைக் குடித்து முடித்தார். எனக்கு அவர் மேல் அன்றைக்குக் கோபம்தான் வந்தது. வலியில் துடிப்பது என் அம்மா. இன்றைக்கு யோசித்தால், ஒரு ஊசியில் முடிகிற வேலை, கையில் பணமும் கிடைக்கும், கேட்பதோ கூட வேலை பார்க்கிற செவிலி. அப்படியிருந்தும் வேண்டாம் என்று சொல்ல ஒரு மருத்துவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்பது புரிகிறது.

வேண்டாம் என்று அவர் சொன்ன இன்னொருவரையும் சொல்ல வேண்டும். காசிமேட்டுப் பக்கம் வலை பின்னுகிற முதியவர். வேறு எங்கோ எக்ஸ்ரே பார்த்து, எலும்பு நசுங்கிவிட்டது, சிமென்ட் வையுங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளும் நடுவிலிருந்த டிஸ்க்கும் சேர்ந்து அரித்துப்போயிருந்தன, பக்கத்தில் சீழ். எலும்புப்புரை டிஸ்க்கைத் தொடாது. இது டி.பி.தான். கிருமி இருக்கிற எலும்பில் சிமென்ட்டைத் திணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. முதுகுத்தண்டு டி.பி.யை நடமாடிக்கொண்டே மாத்திரையால் குணப்படுத்த முடியும் என்பதை உலகத்துக்கு நிரூபித்த ஆய்வுகளில் ஒன்று நடந்ததே நம் சென்னையில், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் முயற்சியில்தான். அந்தப் பெரியவர் மாத்திரை சாப்பிட்டு எழுந்தார். பிறகும் வலை பின்னினார்.

அம்மாவுக்கு டெய்லர் பிரேஸ் வாங்கினோம். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, முதுகின் இரு புறமும் நீளவாக்கில் உலோகப் பட்டைகள், தோளை இழுத்துக் கட்டுகிற வார்கள். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது தண்டனை. உள்ளே பருத்தி பனியன் போட்டு அதன் மேல் கட்டினாலும் வேர்வையில் தோல் சிவந்து, அக்குளில் புண்ணாகிவிட்டது. குனிய முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் வயிறு அழுந்தும். இரவில் கழற்றிவிட்டுப் படுக்க வைக்கும்போது, முதுகைத் திருப்பாமல் மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே வீச்சில் ஒருக்களித்து, பிறகு மல்லாத்த வேண்டும். அந்த வித்தையைத் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தேன். தம்பி மனைவி என்னைவிட நன்றாகச் செய்தாள். எதிர் வீட்டு ஆயாவுக்கும் அதே மாதம்தான் டி-12 அமுங்கியது. அவருக்கு ஆறாவது வாரமே வலி பாதிக்கு மேல் குறைந்து, பிரேஸைக் கழற்றிக் கொடியில் காயப்போட்டுவிட்டார். மருத்துவர் சொன்னதுபோல் தானே ஆறிய முறிவு.

அம்மாவுக்கு ஆறவில்லை. இரண்டு மாதம் நெருங்கியும் எழும்போது அதே கத்தல். படுத்தே இருந்ததில் நெஞ்சில் சளி கட்டி வீசிங் கூடியது. இருமும்போது முதுகு நொந்தது. முதுகு நோவுக்குப் பயந்து இருமலை அடக்கினாள். சளி இன்னும் இறுகியது. வயதானவர்களை முதுகெலும்பு முறிவு நேராகக் கொல்வதில்லை, இந்த வழியில்தான் கொண்டுபோகிறது. மறுபடி படம் எடுத்தோம். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முன்னைவிட அமுங்கியிருந்தது. மல்லாந்து படுத்து எடுத்ததில் அதே எலும்பு கொஞ்சம் நிமிர்ந்து, நடுவே ஒரு கருப்புக் கீற்று விரிந்து தெரிந்தது. உள்ளே எலும்பு ஒன்றுசேரவே இல்லை. நிற்கும்போது மூடிக்கொண்டும் படுக்கும்போது திறந்துகொண்டும் இருந்தது அந்தப் பிளவு. ஹெர்மன் க்யூமெல் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1890-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். ஸ்டீராய்டு தின்றவர்களுக்கு இப்படி ஆக வாய்ப்பு அதிகம். படத்தைப் பார்த்ததும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு வைக்கலாம் சிஸ்டர். அசைஞ்சுக்கிட்டே இருக்கிற எலும்பு. இதை நிறுத்தணும்."

அன்றைக்கு நான் கருவி எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நிற்கவில்லை. ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மயக்கம் கொடுக்காமல் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் நடந்தது. வீசிங்காரியைக் குப்புறப் படுக்க வைத்து முழு மயக்கம் கொடுக்க மயக்க மருத்துவருக்கு விருப்பமில்லை. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை வைத்து வயிறு தொங்கும்படி படுக்க வைத்தார்கள். அந்த நிலையிலேயே பிளவு திறந்து எலும்பு சற்று நிமிர்ந்துகொண்டது, பலூன் தேவைப்படவில்லை. ஆக்சிஜன் குழாய் மூக்கில். திரையில் எக்ஸ்ரே காட்டுகிற சி-ஆர்ம் எந்திரம் தலைக்கு மேல் வளைந்து வந்து நின்றது.

திரையில் முள்ளெலும்பை நேராகப் பார்த்தால் இரு பக்கமும் இரண்டு வட்டங்கள் தெரியும், எலும்பின் பின்பக்கத்திலிருந்து முன்பகுதிக்குப் போகிற இரண்டு பாதங்கள். அந்த வட்டத்தின் வெளி ஓரத்தில் ஊசிமுனையை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே இறக்க வேண்டும். உள் ஓரத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் முதுகுத்தண்டுவடம். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு படம். டக், டக் என்று உலோகம் எலும்பில் இறங்கும் சத்தம் அம்மாவுக்கும் கேட்டது. "இன்னாடி, ஆணி அடிக்கிறாங்களா?" என்றாள். ஆமாம்மா என்றேன். "அடிக்கட்டும். நல்லா நிக்கணும்" என்றாள்.

பொடியையும் திரவத்தையும் கலந்தது என்னிடம் பயிற்சி எடுத்த பெண். பொடி அக்ரிலிக் வகை. பல் செட்டில் இருப்பதும் இடுப்பு மூட்டு மாற்றும்போது வைப்பதும் இதே குடும்பம்தான். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் கலந்திருக்கும். கலக்கத் தொடங்கிய நொடியிலிருந்து ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தண்ணீராக இருக்கும். அப்போது செலுத்தினால் ரத்தக்குழாய்க்குள் ஓடி, நுரையீரல் வரை போய்விடும் ஆபத்து உண்டு. தாமதித்தால் ஊசிக்குள்ளேயே கல்லாகிவிடும். நடுவில் ஒரு பதம், கையுறை விரலில் ஒட்டாமல், நூல் இழுக்காமல் வருகிற கட்டம். ஏசி குளிர் அதிகமாக இருந்தால் அது தாமதமாக வரும், அறை சூடானால் சட்டென்று வரும். எத்தனை முறை செய்தாலும் அன்றன்றைக்குப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, "ரெடி சார்" என்றாள். நானும் அதே நேரத்தைத்தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரையில் கருப்பாக அது உள்ளே பரவியது. கொஞ்சம் செலுத்துவார், படம் பார்ப்பார், நிறுத்துவார். பின்சுவரை நெருங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்கிற ஆசைதான் இந்த வேலையில் ஆபத்து. ஐந்து மில்லி லிட்டர்கூடப் போகவில்லை. மீதிச் சிமென்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார்கள். அது இறுகும்போது சூடாகும். கையில் சூடேறி, பிறகு மெல்ல ஆறிக் கெட்டியானதும் உள்ளேயும் இறுகிவிட்டது என்று கணக்கு. அம்மாவின் கால் விரல்களை அசைக்கச் சொன்னார். பத்தும் அசைந்தன.

அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. முதலில் அவளே நம்பாமல், மறுபடி படுத்து மறுபடி எழுந்து பார்த்தாள். வார்டுக்குள் நடந்துபோய்ப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம், "சிமிட்டி வச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பொய் ஊசியிலும் வலி குறையும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அசைந்துகொண்டிருந்த எலும்பு நின்றதை நான் திரையில் பார்த்தேன். இந்த வகை முறிவுக்கு இது சரியான சிகிச்சை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வலி போனதும் குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. எனக்கு மனம் வெதும்புவது இதில்தான். சிமென்ட் ஒரு எலும்பை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். மேலும் கீழும் இருக்கிற எலும்புகளுக்குள் சட்டங்கள் அறுந்துகொண்டுதான் இருக்கும். ஒரு முள்ளெலும்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருடத்துக்குள் இன்னொன்று முறிகிறது. திருவொற்றியூரில் எங்கள் சொந்தக்காரப் பெரியம்மா ஒருவருக்கு வேறோர் இடத்தில் எல்-2-வில் சிமென்ட் வைத்து அனுப்பினார்கள். எலும்பு அடர்த்தி பார்க்கவில்லை, மருந்து எழுதவில்லை. வருடம் திரும்புவதற்குள் மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என்று அமுங்கி, கடைசியில் எலும்புத் துண்டு பின்னால் தள்ளி நரம்பை அழுத்தி, காலில் பலம் போய்ச் சிறுநீர் நின்றுவிட்டது. அந்தக் கட்டத்துக்கு ஊசி போதாது. முதுகைத் திறந்து, அழுத்தத்தை எடுத்து, திருகு போட்டுக் கம்பி கட்ட வேண்டும். புரையோடிய எலும்பில் திருகு பிடிக்காது. திருகைச் சுற்றியும் சிமென்ட் விட வேண்டியிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய உடம்பு அவ்வளவையும் தாங்கியது. நடக்கிறார், வாக்கரோடு.

அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்சா ஸ்கேன் எடுத்ததில் அளவு மைனஸ் 2.5-க்கும் கீழே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கில் அது எலும்புப்புரை. வைட்டமின் டி மிகக் குறைவு. வெயிலே வாழ்க்கையாக இருக்கிற ஊரில் அடுப்படியை விட்டு அதிகம் வெளியே வராத உடம்புக்கு அதுதான் கதி. வாரம் ஒரு பொட்டலம் என்று அதை முதலில் ஏற்றினோம். சிறுநீரகம் சரியா என்று ரத்தப் பரிசோதனை, ஆடுகிற பல் உண்டா என்று பல் மருத்துவரிடம் ஒரு நடை. தாடையெலும்புக்கு அபூர்வமாக ஒரு கெடுதல் வரலாம் என்பதால் அந்த ஏற்பாடு. அப்புறம் சோலெட்ரோனிக் அமிலம், வருடத்துக்கு ஒருமுறை கையில் ட்ரிப்பாக ஏற்றுவது. முதல் தடவை போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்து, இனிமேல் இது வேண்டவே வேண்டாம் என்றாள். இரண்டு நாளில் சரியாகும், அடுத்த வருடம் இவ்வளவு வராது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன், அப்படியே ஆனது. ப்ரெட்னிசலோனை நெஞ்சக மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில் இன்ஹேலர். "அதை இழுத்தா பழகிடும்" என்று தெருவே அவளைப் பயமுறுத்தியது. வருடக்கணக்கில் மாத்திரையைத் தின்றபோது யாரும் பயப்படவில்லை.

நெத்திலி வறுத்தால் முள்ளோடு தின்னச் சொன்னேன். அது ஒன்றை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டாள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் ஒரு பெண் வந்தார். குனிகிற பயிற்சி எதுவும் கூடாது, முதுகை நிமிர்த்துகிற பயிற்சி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். எதிர் வீட்டு ஆயாவும் சேர்ந்துகொண்டார். பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. வட சென்னை முதியவர்களுக்கு ஸ்டான்லி என்றால் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு 1978-லேயே தொடங்கியது; டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்காக உழைத்தவர். 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் திறந்தாயிற்று. நம் ஊரில் வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாத்தூரிலிருந்து கிண்டிக்கு முதுகுவலியோடு ஒரு பாட்டி போய்வருவது எப்படி என்பதுதான் பாக்கி இருக்கிற கேள்வி. எலும்பு அடர்த்தி பார்ப்பதும், ரத்தம் எடுப்பதும், வருடாந்திர ட்ரிப் ஏற்றுவதும் மணலியிலேயோ திருவொற்றியூரிலேயோ நடக்கலாம். அதற்கு அறுவை அரங்கு வேண்டாம், ஒரு கட்டிலும் ஒரு செவிலியும் போதும்.

நான் வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்தேன். சிமென்ட் வைத்துக்கொண்டு போகிற ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு ரப்பர் முத்திரை குத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவரே வாசகம் எழுதிக் கொடுத்தார். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேதி, மருந்தின் பெயர், அடுத்த தவணை தேதி, குடும்பத்தில் பொறுப்பு எடுப்பவர் பெயர் என்று நாலு கோடுகள். தமிழில், பெரிய எழுத்தில். நாலாவது கோட்டில் வார்டு செவிலி யாரையாவது கையெழுத்துப் போட வைத்தபிறகுதான் வண்டி கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மாவின் சீட்டில் அந்தக் கோட்டில் தம்பி மனைவியின் கையெழுத்து இருக்கிறது. தவணை வருகிற மாதத்தை அவள்தான் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறாள்.